முக்குளிப்புக் கடிகாரமும் முத்துக்குளித்துறையும்

முக்குளிப்புக் கடிகாரம் என்பது, நீருக்கடியில் இறங்கியவர் அங்கே கழித்த நேரத்தை அவர் கையிலேயே காட்டும் கைக்கடிகாரம். பேச்சு வழக்கில் டைவர் வாட்ச் என்பர். தண்ணீர் புகாத எஃகுக் கூடு, திருகி மூடும் சாவி, இருளில் ஒளிரும் முட்கள், ஒரு பக்கமாக மட்டுமே சுழலும் வெளிவளையம் ஆகியவை இதன் அடையாளங்கள். மன்னார் வளைகுடாவில் வேம்பார் முதல் தூத்துக்குடி, காயல்பட்டினம், மணப்பாடு வரை நீளும் முத்துக்குளித்துறையில் கடலடியில் தொழில் செய்வோருக்கும் ஆய்வு செய்வோருக்கும் பொருந்துவது சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் குவார்ட்ஸ் வகைதான். கடிகாரம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இக்கரையில் கடலடிக் காலம் கணக்கிடப்பட்டு வந்தது. ஆனால் அந்தக் கணக்கு மூழ்கியவர் கையில் இல்லை.

முத்துச் சலாபத்தில் காலக் கணக்கு

கொற்கை முத்தின் பெருமையைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளஸ், தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு அங்கே முத்தெடுத்ததாகக் கூறுகிறது. அன்று துறைமுகமாக இருந்த கொற்கை, தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ, குளியாளர் 4 முதல் 12 பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர்) ஆழம் வரை இறங்கி மூச்சுத் தாங்கும் மட்டும் அடியில் இருப்பர் என்று எழுதினார். மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு அவரிடம் அளவு இல்லை.

அப்படி ஓர் அளவைத் தந்தவர் 17-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் படைத்தலைவராக இருந்த போர்த்துக்கேயர் ரிபெய்ரோ. இரண்டு விசுவாசப் பிரமாணம் சொல்லி முடிக்கும் நேரம் குளியாளர் அடியில் இருப்பார் என்பது அவர் கணக்கு. 1530-களில் பரதவர் கத்தோலிக்க மறையைத் தழுவி, 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து செபங்களைத் தமிழில் கற்பித்த கரையில், செபத்தையே காலத்தின் அளவாகக் கொள்வது எல்லாருக்கும் எளிதில் விளங்கும். நிதானமாகச் சொன்னால் இரண்டு பிரமாணத்துக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் பிடிக்கும்.

கடிகாரம் வைத்திருந்த பிற்கால ஐரோப்பியர் தந்த எண்கள் இதைவிட மோசமானவை. 1797-ஆம் ஆண்டுச் சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, கண்ட லெ பெக், காரைக்காலிலிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவன் ஏழு நிமிடம் அடியில் இருந்ததாக எழுதினார். சில ஆண்டுகள் கழித்துப் பெர்சிவல், வழக்கமான நேரம் இரண்டு நிமிடம், சிலர் நான்கு ஐந்து, ஒருவர் ஆறு நிமிடம் என்றார். படகில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு நிமிடம் மிக நீளமாகத் தோன்றும் என்பதைத் தவிர இந்த எண்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. 1859-இல் டென்னன்ட் வெளியிட்ட நூலும், பின்னர் எட்கர் தர்ஸ்டன், ஜேம்ஸ் ஹார்னெல் ஆகியோர் நேரில் கண்டு எழுதிய குறிப்புகளும் சாதாரண முழுக்கு ஒரு நிமிடத்தைச் சுற்றியே அமைவதைக் காட்டுகின்றன. செபத்தால் அளந்த கணக்கே சரியாக இருந்தது.

சலாப நாளுக்கும் தனி ஒழுங்கு இருந்தது. நள்ளிரவு வாக்கில் கரைக்காற்றைப் பிடித்துப் படகுகள் பாருக்குப் புறப்படும். கடலடியில் சிப்பி ஒட்டி வளரும் பாறைத்தளமே பார். தூத்துக்குடிக்கு எதிரே உள்ளவற்றில் தொலையிரம் பார், நாகரைப் பார் பெயர் பெற்றவை. விடிந்ததும் பீரங்கி ஒலிக்கும், குளிப்புத் தொடங்கும். நண்பகலில் மறுபடி ஒலித்ததும் குளிப்பை நிறுத்திக் கடற்காற்றில் கரை திரும்புவர். சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் சொல்லும் கடல்கட்டி ஒப்புக்கொள்ளாத நாளில் யாரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள்.

முழுக்கின் நேரம் கயிற்றில் இருந்தது. குளியாளர் கருங்கல்லைக் கட்டிய கயிற்றில் கால் வைத்து, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். அடி சேர்ந்ததும் கல்லை விட்டுவிடுவார். மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். கழுத்தில் தொங்கும் வலைப்பையில் சிப்பியை அள்ளிக்கொண்டு, மூச்சு முட்டும்போது தன்னிடமுள்ள மற்றொரு கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவர் இழுத்துத் தூக்குவார். ஒரு கல்லுக்கு இருவர். ஒருவர் ஏறி இளைப்பாற மற்றவர் இறங்குவார். கயிறு பிடிக்க மனைவியின் உடன்பிறந்தவனையே நிறுத்துவார்கள், தங்கையின் தாலிக்காக மச்சான் கை அசராது என்று கடற்கரையில் இன்றும் சொல்லக் கேட்கலாம். மூழ்கியவரின் காலத்தைக் கணக்கு வைத்தது, கயிற்றை உணரும் அந்தக் கைதான்.

தூத்துக்குடியின் கடைசிச் சலாப வரிசை 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்தது. அதன்பின் பார்களில் சிப்பி நிலைக்காமையால் சலாபம் கூடவில்லை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி 1973-இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் முத்தைச் செயற்கை முறையில் விளைவித்தது தனி வரலாறு.

காற்றுக்குடுவையும் கைக்கடிகாரமும்

1943-இல் பிரான்சில் கூஸ்தோவும் கஞ்ஞானும் உருவாக்கிய காற்றுக்குடுவைக் கருவி 1950-களின் இறுதியில் இக்கரைக்கு வந்தது. உலக உணவு வேளாண்மை அமைப்பு அனுப்பிய இத்தாலிய வல்லுநர் பாஸ்கியேரி-சால்வதோரி அப்போது முத்துப் பார்களையும் சங்குப் பார்களையும் நீருக்கடியில் சென்று ஆராய்ந்தார். தூத்துக்குடி ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் தொடர்ந்து பார்களில் மூழ்கி அங்குள்ள உயிர்களைப் பற்றி எழுதினர்.

ஒரு நிமிடமாக இருந்த கடலடி நேரம் இதனால் முக்கால் மணியாக நீண்டது. காலக் கணக்கின் தன்மையே அதோடு மாறியது. மூச்சடக்கி இறங்குபவருக்கு உடலே எச்சரிக்கை தரும். காற்றுக்குடுவையோடு இறங்குபவருக்கு அப்படி எந்த எச்சரிக்கையும் வராது; ஆழத்தின் அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் சிறிது சிறிதாக இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்துகொண்டே இருக்கும். அளவு மீறித் தங்கிவிட்டு விரைவாக மேலே ஏறினால் அது குமிழாகப் பிரிந்து மூட்டுவலி, பக்கவாதம், சிலருக்கு மரணம் வரை கொண்டுபோகும். பொழுதுபோக்கு முக்குளிப்போர் பயன்படுத்தும் ஒரு புகழ்பெற்ற அட்டவணைப்படி, நாளின் முதல் முழுக்கில் 18 மீட்டரில் 56 நிமிடமும் 30 மீட்டரில் 20 நிமிடமும்தான் எல்லை. 18 மீட்டர் என்பது கடற்கரைக் கணக்கில் ஏறக்குறையப் பத்துப் பாகம். அதே நாளில் மறுபடி இறங்கினால் எல்லை இன்னும் குறுகும்.

இந்தத் தேவைக்காகவே 1953-இல் பிளாங்பெய்னின் ஃபிஃப்டி ஃபேதம்ஸ் கடிகாரமும் ரோலெக்ஸின் சப்மரைனரும் பிறந்தன. பயன்படுத்தும் முறை எளியது. இறங்கும்போது வெளிவளையத்தின் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பி வைக்க வேண்டும். பிறகு முள் வளையத்தில் எந்த எண்ணைத் தொடுகிறதோ அத்தனை நிமிடம் கழிந்திருக்கிறது. வளையம் இடஞ்சுழியாக மட்டும் திரும்பும்படி அமைத்ததில் உயிர்காக்கும் எண்ணம் ஒன்று உண்டு. படகின் விளிம்பிலோ பாறையிலோ இடித்து வளையம் நகர்ந்துவிட்டால் கழிந்த நேரம் கூடுதலாகத்தான் தெரியும், குறைவாகத் தெரியாது. முக்குளிப்பவர் முன்னதாகவே மேலேறிவிடுவார்.

குவார்ட்ஸ்

குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்பதைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தனர். மின்சாரம் செலுத்தினால் அதே படிகம் சீராக அதிரும். கைக்கடிகாரப் படிகம் இசைக்கவை வடிவில் வெட்டப்பட்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இது இரண்டின் 15-ஆம் அடுக்கு. ஆகவே 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்புக் கிடைக்கும். முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான சீக்கோ ஆஸ்ட்ரான் 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது விலை 4,50,000 யென். ஒரு சிறிய கார் வாங்கக்கூடிய தொகை. 1978-இல் அதே நிறுவனம் 600 மீட்டர் தாங்கும் குவார்ட்ஸ் முக்குளிப்புக் கடிகாரத்தை வெளியிட்டது.

தமிழ்நாட்டில் குவார்ட்ஸ் வீட்டுக்கு வீடு வந்ததற்கு ஒசூர் காரணம். டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984-இல் இணைந்து தொடங்கிய டைட்டன் நிறுவனம், சாவி கொடுக்கும் கடிகாரங்களே சந்தையை ஆண்ட காலத்தில் குவார்ட்ஸை நம்பி இறங்கியது. கடற்கரை ஊர்களுக்கு வேறொரு வழியும் இருந்தது. கொழும்பு, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியோரின் பெட்டிகளில் சீக்கோவும் சிட்டிசனும் கேசியோவும் வந்து சேர்ந்தன. ஃபாரின் வாட்ச் கட்டியவர் என்ற மதிப்புக் கலியாண வீடுகளில் தனி.

குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்கு 15 முதல் 20 நொடி வரை பிசகும். நல்ல தானியங்கி எந்திரக் கடிகாரம் ஓரிரு நாளிலேயே அவ்வளவு பிசகக்கூடும். படிகம் ஏறத்தாழ 25 பாகை செல்சியசில் மிகச் சரியாக ஓடும்படி வெட்டப்படுகிறது. அதற்கு மேலும் கீழும் சற்றுத் தாமதிக்கும். 10 பாகை விலகினால் மாதத்துக்கு ஒன்பது நொடி அளவு. கையில் கட்டியிருந்தால் உடல் சூடு அதை அந்த எல்லைக்கு அருகிலேயே வைத்திருக்கும் என்பதால் தூத்துக்குடி வெயில் பெரிய இடையூறு அல்ல. படகுப் பலகையில் உச்சி வெயிலில் கழற்றி வைப்பதுதான் கெடுதல். மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்தாலும் எடுத்துக் கட்டியதும் சரியான நேரம் காட்டும் என்பது, பருவம் பார்த்துக் கடலில் இறங்குவோருக்குக் கூடுதல் வசதி. எந்திரக் கடிகாரத்தின் அழகை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் உப்புநீர் புகுந்தால் பழுது பார்க்க ஆகும் செலவில் ஒரு புதிய குவார்ட்ஸ் கடிகாரமே வாங்கிவிடலாம்.

தரமும் வகையும்

முகப்பில் 30 மீட்டர் என்று அச்சிட்டிருந்தால் மழைக்கும் கை கழுவுவதற்கும் போதும் என்றே கொள்ள வேண்டும். 50 மீட்டர் நீச்சலுக்கு ஆகும். கடலில் இறங்க 100 மீட்டருக்குக் குறையக்கூடாது. சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 6425, முக்குளிப்புக் கடிகாரத்துக்கு 100 மீட்டரைக் கீழெல்லையாக வைக்கிறது. குறித்த அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலாகத் தாங்குவதும், உப்புக் கரைசலில் ஊறியும் கெடாதிருப்பதும், முழு இருளில் 25 சென்டிமீட்டர் தூரத்தில் படிக்க முடிவதும், ஓடிக்கொண்டிருக்கிறதா என்று இருளிலும் தெரிவதும் அதன் விதிகள். செல்லால் ஓடுவது என்றால் செல் தீரப்போவதை முன்கூட்டிக் காட்டவும் வேண்டும். தேறியவை மட்டுமே ‘டைவர்ஸ்’ என்ற சொல்லை முகப்பில் தாங்கும்.

கேசியோவின் டூரோ வரிசை அந்தச் சொல்லைத் தாங்கவில்லை; 200 மீட்டர் நீர்த்தடுப்பு என்று மட்டும் குறிக்கிறது. எனினும் 44 மில்லிமீட்டர் எஃகுக் கூடும், திருகு சாவியும், ஒருபக்கம் சுழலும் 120 பல் வளையமும் கொண்டிருப்பதால் இக்கட்டுரை அதையும் முக்குளிப்புக் கடிகாரமாகவே கொள்கிறது. முத்துப் பார்கள் பெரும்பாலும் 25 மீட்டருக்கு உட்பட்டவை. அங்கே அதன் தாங்குதிறன் தாராளம்.

இக்கரையில் பேணும் முறை

தூத்துக்குடி உப்பு விளையும் ஊர். கடலில் இறங்காதவர் கையிலும் காற்றே உப்பைக் கொண்டுவந்து பூசும். முதலில் போவது வாரைக் கூட்டோடு பிணைக்கும் சிறிய ஸ்பிரிங் கம்பி. வெளியே தெரியாமல் துருவேறி ஒருநாள் அறுந்து, கடிகாரம் தண்ணீரில் போய்விடும். கூட்டின் அடிவழியாக நுழைந்து வரும் ஒரே நீள நைலான் வார் கட்டினால், ஒரு கம்பி அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். அடுத்து வெளிவளையம்: அதன் அடியில் உப்பும் மணலும் இறுகினால் திரும்பாது. வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அரைமணி ஊறவைத்து மெல்லத் திருப்பினால் இளகும். கடலிலிருந்து வந்ததும் அலச வேண்டியதும் நல்ல தண்ணீரில்தான். ஊரின் பல கிணறுகளும் ஆழ்துளைக் குழாய்களும் உப்புத் தண்ணீர் தருவதால், குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரைப் பயன்படுத்துவதே முறை.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செல் மாற்றும்போதுதான் பெரும்பாலான கடிகாரங்கள் கெடுகின்றன. பின்மூடியைத் திறந்து செல்லை மட்டும் மாற்றி, பழைய ரப்பர் வளையத்தையே வைத்து மூடிவிட்டால் 200 மீட்டர் என்ற அச்சுக்குப் பொருளில்லை. வளையத்தைப் புதிதாகப் போட்டு, சிலிக்கான் பசை தடவி, அழுத்தச் சோதனை செய்து வாங்க வேண்டும். சோதனைக் கருவி இல்லாத கடையானால், கடிகாரத்தைக் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கிக் கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விட்டு ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்க்கலாம். உட்புறம் பனி படிந்திருந்தால் ஈரம் புகுந்துவிட்டது. அதைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கக்கூடாது.

இன்றைய நிலை

பவளப்பாறை ஆய்விலும் மீட்பிலும் ஈடுபடும் தூத்துக்குடி நிறுவனங்களின் முக்குளிப்போருக்கு ஆழத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முக்குளிப்புக் கணினி கிடைக்கிறது. கைக்கடிகாரம் அவர்களுக்குத் துணைக்கருவி. படகிலுள்ள கம்ப்ரெசரிலிருந்து குழாய் வழியே காற்றுப் பெற்று நெடுநேரம் அடியில் இருக்கும் சங்குக்குளியாளருக்கு அந்தக் கணினியின் விலை எட்டாது. பாகக் கணக்கில் ஆழத்தை அறிந்திருக்கும் அவர்களுக்குக் குறையும் மறுபாதி நேரம். அதைத் தருவது வளையமுள்ள குவார்ட்ஸ் கடிகாரம்.