யாருக்குச் செய்வது சலுகை?

சுதந்திர இந்தியா 1947-இல் மாஸ்கோவுக்கு அனுப்பிய முதல் தூதர் ஒரு பெண்: விஜயலட்சுமி பண்டிட், பிரதமர் நேருவின் தங்கை. அவருடைய ஆற்றலைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. விடுதலைப் போரில் சிறை சென்றவர், 1937-லேயே ஐக்கிய மாகாணத்தில் அமைச்சரானவர். ஆனால் அவர் தேர்வெழுதி வந்தவரல்லர். மூன்று பெண் மக்களின் தாய் என்பதும் அவர் நியமனத்துக்குத் தடையாகவில்லை.

தேர்வெழுதி வென்று வெளியுறவுப் பணியில் நுழைந்த முதல் பெண் சி.பி.முத்தம்மா, குடகில் பிறந்து சென்னையில் படித்தவர். 1949-இல் அவர் சேர்ந்தபோது, திருமணம் செய்துகொண்டால் விலகிவிடுவதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1961-இன் விதிகள் அதையே சட்டமாக்கின: பெண் அதிகாரி மணம்புரிய அரசின் முன் அனுமதி பெறவேண்டும்; குடும்பம் வேலைக்கு இடையூறென்று அரசு கருதினால் விலகச் சொல்லலாம்; மணமான பெண் நியமனத்தை உரிமையாகக் கோரவும் இயலாது. ஆண் அதிகாரிக்குக் குடும்பம் இருப்பதில்லை போலும்!

தனியொருவருக்குக் காட்டும் பரிவை நாம் உடனே சலுகை என்று அடையாளம் காண்கிறோம். ஒரு பாலினத்தார் அனைவருக்கும் விதியே காட்டும் பரிவுக்கு நிர்வாகம் வைத்த பெயர் ஒழுங்கு.

1970-இல் முத்தம்மா ஹங்கேரியில் தூதரானார். பின்னர், தகுதி போதாதென்று முதல்நிலைப் பதவி உயர்வு அவருக்கு மறுக்கப்பட்டது. தம்மை மதிப்பிட்டவர்கள் பெண் என்பதால் பாரபட்சம் காட்டினர் என்று அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே பதவி உயர்வு வந்துவிட்டது. சில மாதங்களில் தகுதி எங்கிருந்து வந்து சேர்ந்தது என்று வியக்கத் தோன்றுகிறது.

குறை தீர்ந்தது என்பதால் 1979 செப்டம்பரில் மனு தள்ளுபடியாயிற்று. ஆயினும் நீதிபதி கிருஷ்ணய்யர் அத்தோடு விடவில்லை. மணம் வேலைக்கு இடையூறென்றால் ஆணின் மணமும் அப்படித்தானே என்று கேட்டார். எல்லாப் பணிகளிலும் ஆணும் பெண்ணும் சமமாகவே நடத்தப்படவேண்டும் என்றும் அவர் சொல்லிவிடவில்லை. சில விலக்குகளுக்கு இடம் வைத்தார். இடைப்பட்ட காலத்தில் இளையவர்கள் முந்திச் சென்றிருந்ததால், முத்தம்மாவின் பணிமூப்பை மறுபரிசீலனை செய்யும்படி அரசுக்குக் கூறினார். இரு விதிகளில் ஒன்று நீக்கப்பட்டுவிட்டது, மற்றது நீக்கப்படவிருக்கிறது என்று அரசு தெரிவித்தது.

முத்தம்மா 1982-இல் ஓய்வு பெற்றார். வெளியுறவுச் செயலர் நாற்காலியில் முதன்முதலாக ஒரு பெண், சோகிலா ஐயர், அமர்ந்தது 2001-இல்.