களிமண் தட்டுச் சுடுதல் கழகம்

களிமண் தட்டுச் சுடுதல் கழகம் என்பது, எந்திரத்தால் வானில் வீசப்படும் தட்டு வடிவ இலக்குகளை ஷாட்கன் வகைத் துப்பாக்கியால் சுட்டு உடைக்கும் விளையாட்டைத் தன் உறுப்பினர்களுக்காக நடத்தும் அமைப்பு ஆகும். ரைபிள், பிஸ்டல் பிரிவுகளை ஒருவர் சிறிய கூடத்திலும் பழகலாம். தட்டுச் சுடுதலுக்கோ பரந்த நிலம், விலையுயர்ந்த எந்திரங்கள், அவற்றை இயக்கும் ஆட்கள் ஆகியவை தேவை. இவற்றைத் தனி ஒருவர் தாங்குவது அரிது. எனவே கழகம் இல்லாத வட்டாரத்தில் இவ்விளையாட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. தமிழ்நாட்டில் இத்தகைய சுடுதளங்கள் மிகச் சிலவே. திருச்சிராப்பள்ளியை அடுத்த புதுக்கோட்டையில் உள்ளது அவற்றுள் ஒன்றாகும்.

பெயரும் தோற்றமும்

'களிமண் தட்டு' என்ற பெயர் இன்று பொருந்தாத பெயராகும். தற்காலத் தட்டில் களிமண் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் சூடாக்கிக் கலந்து அச்சில் வார்த்து அது செய்யப்படுகிறது. தொடக்கத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உயிருள்ள புறாக்களைப் பெட்டியிலிருந்து பறக்கவிட்டுச் சுடுவது வழக்கமாக இருந்தது. 1900ஆம் ஆண்டு பாரிசில் நடந்த ஒலிம்பிக்கின்போதும் புறாச் சுடுதல் போட்டி ஒன்று நடைபெற்றது. புறாவுக்கு மாற்றாக 1870களில் கண்ணாடி உருண்டைகள் பயன்பட்டன. 1880இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் சுட்ட களிமண்ணாலான தட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அத்தட்டு ஓட்டாஞ்சில்லைப் போல நன்றாகப் பறந்தது. ஆனால் மிகக் கடினமாக இருந்ததால் ஈயக்குண்டு பட்டும் பல வேளைகளில் உடையவில்லை. கீல் கலந்த தட்டு வந்த பிறகே இக்குறை நீங்கியது. பெயர் மட்டும் மாறவில்லை.

இந்தியாவில் ஷாட்கன் நெடுங்காலம் வேட்டைக் கருவியாகவே இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பிகானேர் மன்னர் குடும்பத்தின் கர்ணி சிங் அதற்கு முன்பே தட்டுச் சுடுதலில் புகழ் பெற்றிருந்தார். அவர் 1962இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் டிராப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றார். 1982 ஆசிய விளையாட்டுக்காகத் தில்லியின் துக்ளகாபாத்தில் அமைக்கப்பட்ட சுடுதளம் இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இலக்கும் ஆட்டமும்

பன்னாட்டு விதிகளின்படி தட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர். எடை ஏறத்தாழ 105 கிராம். துப்பாக்கி 12 போர் அளவுக்கு மேற்படாதது, பெரும்பாலும் இரட்டைக்குழல் துப்பாக்கி. தோட்டாவில் 24 கிராமுக்கு மேல் ஈயம் இருத்தல் ஆகாது. அந்த 24 கிராமில் ஏறக்குறைய 300 சிறு குண்டுகள் அடங்கும். அவை குழலை விட்டு வெளியேறியதும் விரிந்து ஒரு கூட்டமாகச் செல்கின்றன. சுடுபவர் தட்டைக் குறிவைப்பதில்லை. தட்டு சென்று சேரப்போகும் இடத்தைக் குறிவைக்கிறார்.

ஒலிம்பிக் பிரிவுகள் டிராப், ஸ்கீட் என இரண்டாகும். டிராப் ஆட்டத்தில் சுடுவோர் நிற்கும் கோட்டுக்கு 15 மீட்டர் முன்னால் நிலத்தில் ஒரு பதுங்குகுழி உள்ளது. அதில் மூன்று மூன்றாக 15 எந்திரங்கள் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு நிலைக்கும் எதிரே உள்ள மூன்றில் எது வீசும் என்று சுடுபவருக்குத் தெரியாது. தட்டு ஏறத்தாழ 76 மீட்டர் தொலைவு செல்லுமாறு வீசப்படுகிறது. எனினும் 25 தட்டுகள் கொண்ட ஒரு சுற்றின் முடிவில் ஒவ்வொருவருக்கும் இடப்புறம் 10, வலப்புறம் 10, நேராக 5 என்றே கிடைத்திருக்கும். வரிசைதான் வேறுபடும், பங்கு சமம். ஸ்கீட் ஆட்டத்தில் உயரமான வீடு, தாழ்வான வீடு என இரண்டு எந்திர வீடுகளும் எட்டு நிலைகளும் உள்ளன. டபுள் டிராப் என்ற மூன்றாம் பிரிவில் 2004ஆம் ஆண்டு ஏதென்சில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வென்றார். அப்பிரிவு 2016க்குப் பின் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது.

நிலம்

கழகம் தொடங்க விரும்புவோர் முதலில் சந்திக்கும் தடை துப்பாக்கி உரிமம் அன்று, நிலமே ஆகும். தட்டுச் சுடுதலில் பயன்படும் நுண்ணிய ஈயக்குண்டுகள் ஏறத்தாழ 200 மீட்டர் வரை சென்று விழக்கூடும். ஆகவே சுடுகோட்டுக்கு முன்னால் விசிறி வடிவில் 250 முதல் 300 மீட்டர் வரை வீடோ பாதையோ மேய்ச்சலோ இல்லாத நிலம் ஒதுக்கப்படுகிறது. சுடுவோர் கண்ணில் வெயில் படாதிருக்கத் தளம் வடக்கு அல்லது வடகிழக்கு நோக்கி அமைக்கப்பட வேண்டும். திசை பொருந்தினால் பாதை குறுக்கிடும். பாதை இல்லையெனில் பக்கத்து வயலில் கிணறு இருக்கும்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் துறையூர் வட்டத்தில், பச்சைமலை, கொல்லிமலை அடிவாரத்தை ஒட்டி அமைந்த உப்பிலியபுரம் போன்ற ஊர்களைச் சுற்றி வானம் பார்த்த மேட்டு நிலங்கள் உண்டு. பரப்பளவை மட்டும் கருதினால் அவை தகுந்தவையாகத் தோன்றும். ஆனால் மலையடிவாரத்தில் காப்புக்காடு நெருங்கியுள்ளது. மற்ற பக்கங்களில் கிணற்றுப் பாசன வயல்களும் ஆடுமாடு மேயும் தரிசுகளும் உள்ளன. வெடியோசையும் ஈயமும் இவ்விரு புறமும் ஏற்கத்தக்கவை அல்ல. இவ்வூரார் ஒருவர் புதுக்கோட்டை சுடுதளத்திற்குச் செல்ல, திருச்சிராப்பள்ளி வழியாக ஒருவழியில் மட்டும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும்.

அன்றாட நடைமுறை

டிராப் ஆட்டத்தில் ஆறு பேர் ஓர் அணி. நிலைகள் ஐந்து, ஆறாவது நபர் முதல் நிலைக்குப் பின்னால் காத்திருப்பார். ஒவ்வொருவரும் ஒரு தட்டைச் சுட்டபின் அடுத்த நிலைக்கு நகர்கின்றனர். அணி ஒரு சுற்றை முடிக்க 150 தட்டுகள் தேவை. அவற்றை எந்திரங்களில் அடுக்குவதும், பறவாமல் உடைந்த தட்டுகளை அப்புறப்படுத்துவதும் பதுங்குகுழிப் பணியாளரின் வேலை. சுடுபவர் குரல் கொடுத்ததும் அவர் முன்னுள்ள ஒலிவாங்கி எந்திரத்தை முடுக்குகிறது. எந்திரத்திலிருந்து வெளிவரும்போதே உடைந்த தட்டு கணக்கில் சேராது. அதற்கு மாற்றாக வேறொரு தட்டு தரப்படும். அந்த வீணான தட்டின் விலையை உறுப்பினர் தருவதா, கழகம் ஏற்பதா என்பது சிறு கேள்வியாகத் தோன்றலாம். பழுதான எந்திரம் ஒன்று நாள் முழுதும் தட்டுகளை உடைத்துத் தள்ளும்போதே அதன் பொருள் விளங்கும்.

தமிழ்நாட்டு வானிலை தனிச் சிக்கல்களைத் தருகிறது. கீல் வெயிலில் இளகும். அடுக்கி வைத்த தட்டுகள் கோடையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் வளையவும் கூடும். வளைந்த தட்டு நேராகப் பறக்காது. ஆகவே அவை நிழலில், காற்றோட்டமான கொட்டகையில் வைக்கப்படுகின்றன. ஆடி மாதக் காற்றில் தட்டு எழும்பியும் தாழ்ந்தும் அலைகிறது. வடகிழக்குப் பருவமழையின்போது பதுங்குகுழியில் நீர் தேங்கும். நீரை இறைத்து, எந்திரங்களுக்கு எண்ணெயிட்டு, மின் இணைப்புகளை உலர்த்திய பின்னரே ஆட்டம் நடைபெறும். கழகத்தின் உழைப்பில் பெரும்பகுதி இவ்வாறே கழிகிறது. துப்பாக்கி ஒலிப்பது அதில் சிறு பகுதியே.

பாதுகாப்பு

சுடும் நிலைக்கு வெளியே எந்தத் துப்பாக்கியும் மூடிய நிலையில் இருத்தல் கூடாது. இரட்டைக்குழல் துப்பாக்கியை மடித்துத் திறந்தால் குழல் காலியாக உள்ளதா என்பது அனைவருக்கும் தெரியும்; இவ்வொரு வழக்கமே விபத்துகளுள் பெரும்பாலானவற்றைத் தடுக்கிறது. தோட்டாவைத் தன் முறை வந்தபின் நிலையில் நின்றே இட வேண்டும். காதுக் காப்பும் கண்ணாடியும் கட்டாயம். யாரேனும் தளத்தின் முன்பகுதிக்குச் சென்றால் அவர் திரும்பும் வரை எல்லாத் துப்பாக்கிகளும் திறந்த நிலையில் வைக்கப்பட வேண்டும். இவ்வட்டாரத்தில் மயில்கள் மிகுதி. தேசியப் பறவை நடுத்தளத்தில் உலாவும்போது ஆட்டத்தை நிறுத்திக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தளப் பொறுப்பாளரின் சொல்லே இறுதியானது. மூத்த உறுப்பினராயினும் நன்கொடையாளராயினும் அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். இவ்விதி தளராமல் காக்கப்படுகிறதா என்பதைக் கொண்டே ஒரு கழகத்தின் தரத்தை மதிப்பிடலாம்.

சட்டமும் பதிவேடும்

இந்தியாவில் துப்பாக்கிகள் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் ஆகியவற்றால் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. உரிமம் வழங்குபவர் மாவட்டப் பகுதிகளில் ஆட்சியர். திருச்சிராப்பள்ளி போன்ற மாநகரக் காவல் எல்லைகளில் காவல் ஆணையர். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை ஐந்து ஆண்டுகளாக நீட்டித்தது. விளையாட்டு வீரர்களுக்கு 2020 பிப்ரவரியில் தனி விலக்குகள் அறிவிக்கப்பட்டன. தனி உரிமம் பெறும் வயது 21. அதற்குக் குறைந்த, 12 வயது நிரம்பிய இளையோர் பயிற்சியாளர் மேற்பார்வையில் இலக்குப் பயிற்சி பெறலாம். எனவே மாணவர் ஒருவர் இவ்விளையாட்டுக்குள் நுழையும் வாயில் உரிமம் பெற்ற கழகமே ஆகும்.

வாங்கிய தோட்டா, சுட்ட தோட்டா, எஞ்சிய தோட்டா ஆகிய மூன்றும் பதிவேட்டில் ஒத்துப்போக வேண்டும். தேர்தல் காலங்களில் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு ஆணையிடுவது வழக்கம். போட்டிக்கு ஆயத்தமாகும் உறுப்பினர் விலக்குக் கோரி விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கழகத்தின் சான்று துணையாகிறது. தேசிய அளவில் இவ்விளையாட்டை நிர்வகிக்கும் இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951இல் மக்களவையின் முதல் சபாநாயகர் மாவலங்கரின் முயற்சியால் தொடங்கப்பட்டது.

திருச்சிராப்பள்ளி - புதுக்கோட்டை வட்டாரம்

திருச்சிராப்பள்ளியில் மாநகரக் காவல்துறையின் ரைபிள் கழகம் 2021 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. 2022 சூலையில் அங்கு நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித் குமார் பங்கேற்றதால் அது பரவலாக அறியப்பட்டது. ரைபிளும் பிஸ்டலும் தடுப்புச் சுவரை நோக்கிச் சுடப்படுபவை. ஆதலால் அவை நகரத்துள் இடம்பெற முடிகிறது. வானை நோக்கிச் சுடும் ஷாட்கனுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

1974 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாக இருந்த புதுக்கோட்டையில், ராயல் புதுக்கோட்டை ஸ்போர்ட்ஸ் கிளப் ஷாட்கன் பிரிவுகளுக்கான சுடுதளத்தைக் கொண்டுள்ளது. புதுக்கோட்டை மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் இவ்வட்டாரத்தின் புகழ்பெற்ற டிராப் வீரர். இவர் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியின் முன்னாள் மேயர் சாருபாலா தொண்டைமானின் மகன். 2023 அக்டோபரில் காங்சூ ஆசிய விளையாட்டில் கைனன் செனாய், சோராவர் சிங் சந்து ஆகியோருடன் சேர்ந்து 361 புள்ளிகள் எடுத்து அணித் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் பங்கேற்றார். இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை.

செலவும் அணுக்கமும்

கர்ணி சிங் முதல் பிருத்விராஜ் வரை இந்திய டிராப் வரலாற்றில் அரச குடும்பப் பெயர்கள் மிகுந்திருப்பது தற்செயல் அன்று. நிலம் அவர்களிடம் இருந்தது; துப்பாக்கியும் இருந்தது. போட்டித் தரத் துப்பாக்கிகளுள் பெராட்சி, பெரெட்டா போன்றவை இத்தாலியின் பிரெசியா மாகாணத்திலிருந்து வருகின்றன. ஆயினும் துப்பாக்கி ஒருமுறைச் செலவு. தோட்டாவோ ஓயாத செலவு. தகுதிச் சுற்று 125 தட்டுகளைக் கொண்டது. டிராப் தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம் என்பதால் ஒருவருக்கு 250 தோட்டாக்கள் வரை தேவைப்படலாம். போட்டிக்கு முன் மாதக்கணக்கில் நடக்கும் பயிற்சியை இத்துடன் ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

கழகத் துப்பாக்கியைப் புதியவர்க்குத் தருதல், தோட்டாவை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்கு வழங்குதல், மாணவர்க்குத் தட்டுக் கட்டணத்தைக் குறைத்தல் ஆகியவை இவ்வேலியைத் தாழ்த்தும் வழிகள். அந்தச் சலுகையின் செலவு மற்ற உறுப்பினர்களின் சந்தாவில் ஏறும். பொதுக்குழுக்களில் கருத்து வேறுபாட்டுக்கு இடம் தருவது பெரும்பாலும் இதுவே. தட்டுச் சுடுதலில் ஆண்களுக்குப் பெண்கள் இளைத்தவர் அல்லர் என்பதற்கு, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இருபாலரும் சேர்ந்து ஆடிய ஸ்கீட் போட்டியில் தங்கம் வென்ற சீனாவின் சாங் சான் சான்றாவார்.

ஈயமும் மண்ணும்

பத்து உறுப்பினர்கள் வாரம் நான்கு சுற்றுகள் வீதம், தட்டுக்கு ஒரு தோட்டாவே சுட்டாலும், வாரத்துக்கு 24 கிலோகிராம் ஈயம் நிலத்தில் விழும். ஓராண்டில் அது ஒரு டன்னைத் தாண்டும். ஈயம் நஞ்சு. அமிலத்தன்மை மிகுந்த மண்ணில் அது எளிதில் கரைந்து நீரோடு செல்கிறது. பறவைகள் குண்டுகளைக் கல்மணியென்று எண்ணி விழுங்குவதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும் ஈயக்குண்டுகளுக்குத் தடை விதித்துள்ளது. தட்டுத் துண்டுகளும் தீங்கற்றவை அல்ல. கரித்தார்க் கீலில் நச்சுச் சேர்மங்கள் உள்ளன. அத்துண்டுகளைத் தின்ற பன்றிகள் மேலை நாடுகளில் இறந்துள்ளன.

மேல்மண்ணைச் சலித்து ஈயத்தை மீட்டு விற்பது கழகத்துக்கு ஓரளவு வருவாயும் தரும். மண்ணில் சுண்ணாம்பு இடுவது ஈயம் கரைவதைக் குறைக்கிறது. குண்டு விழும் பகுதியில் பயிரிடுவதும் கால்நடை மேய்ப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் குளமும் ஏரியும் நெருங்கி அமைந்துள்ளன. மழைநீர் எப்பக்கம் வழிந்து எந்தக் கண்மாயைச் சேருகிறது என்பதைத் தளம் அமைக்கும் முன்னரே பார்த்தாக வேண்டும். ஈயம் விழுந்த பிறகு தளத்தை மாற்றலாம், மண்ணை மாற்றுவது எளிதன்று.