கொடும்பாவியை அறுத்தெறிந்த மாணவன்



அமெரிக்காவில் படிக்கும் பேரன் நேற்றிரவு பேசினான். அவன் கல்லூரியின் கூடைப்பந்து அணி தொடர்ந்து தோற்கிறதாம். "கோச்சை முதல்ல வீட்டுக்கு அனுப்பணும் தாத்தா" என்று ஒரே ஆத்திரம். அவனுக்குச் சொன்ன பழைய கதையை உங்களுக்கும் எழுதுகிறேன். வரலாற்று வாத்தியாருக்கு வேறு என்ன தெரியும்!

அந்நாட்டின் வடக்குக் கரோலினா மாநிலத்தில் கல்லூரிக் கூடைப்பந்து என்பது நம் ஊர்த் தேர்த் திருவிழா மாதிரி. அங்கே சேப்பல் ஹில்லில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு 1961-இல் டீன் ஸ்மித் பயிற்சியாளர் ஆனார். வயது 30. முந்தைய பயிற்சியாளர் காலத்து விதிமீறல்களால் அணி அப்போது தண்டனையில் இருந்தது. ஆட்டங்களின் எண்ணிக்கையையே குறைத்திருந்தார்கள். முதல் ஆண்டில் 8 வெற்றி, 9 தோல்வி. 1965 சனவரியில் வேக் ஃபாரஸ்ட் அணியிடம் படுதோல்வி அடைந்து பேருந்தில் திரும்பியபோது, வளாகத்தில் ஸ்மித்தின் கொடும்பாவி தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கவிட்டவர்கள் அவருடைய சொந்தக் கல்லூரி மாணவர்கள்தான். அணியின் நட்சத்திரம் பில்லி கன்னிங்ஹாம் பேருந்திலிருந்து பாய்ந்து இறங்கி, அதை இழுத்துப் பிய்த்து எறிந்தார். அடுத்த ஆட்டத்தில் பரம எதிரியான டியூக் அணியை அதன் சொந்த அரங்கிலேயே வென்றார்கள்.

ஸ்மித் அங்கே 36 ஆண்டுகள் இருந்தார். 879 வெற்றிகள், 1982, 1993 இரு ஆண்டுகளிலும் தேசியப் பட்டம். 1982 அணியில் முதலாமாண்டு மாணவராக ஆடியவர் மைக்கேல் ஜோர்டான்.

இனி அந்தப் பரம எதிரியின் கதை. சேப்பல் ஹில்லிலிருந்து சுமார் பத்து மைலில் இருக்கிறது டியூக். 1978-இல் தேசிய இறுதி ஆட்டம் வரை போன அணி. 1980-இல் விளையாட்டுத் துறைத் தலைவர் டாம் பட்டர்ஸ் அங்கே கொண்டுவந்த புதியவர் மைக் ஷஷெஃப்ஸ்கி. அதற்கு முந்தைய பருவத்தில் ராணுவக் கல்லூரி அணியோடு அவர் பெற்றது 9 வெற்றி, 17 தோல்வி! டியூக்கில் முதல் மூன்று ஆண்டுகளில் 38 வெற்றி, 47 தோல்வி. 1983 மார்ச்சில் வர்ஜீனியா அணியிடம் 109-66 என்று தோற்றபோது ரசிகர்களின் பொறுமை போய்விட்டது. நன்கொடையாளர்களும் அவரை நீக்கச் சொன்னார்கள். அதே ஆண்டு பக்கத்து ஊர் வடக்குக் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் தேசியப் பட்டம் வென்றது. அதன் பயிற்சியாளரும் 1980-இல் வேலைக்கு வந்தவர்தான். எரிகிற நெருப்பில் எண்ணெய்.

ஆனால் அன்று தோற்ற அணியின் முக்கிய ஆட்டக்காரர்களில் பலர் முதலாமாண்டுப் பையன்கள். இதைக் கணக்கில் எடுத்தவர்கள் சிலரே. காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்துப் பிள்ளையின் தலையெழுத்தையே எழுதிவிடும் பெற்றோர் மாதிரி. 1984 சனவரியில் அணி மறுபடி வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தபோது, பட்டர்ஸ் பயிற்சியாளரை அழைத்து ஐந்தாண்டுப் புது ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தார். 1986-இல் அதே பையன்கள் இறுதியாண்டு மாணவர்களாக 37 ஆட்டங்களில் வென்று தேசிய இறுதிக்குப் போனார்கள். அங்கே மூன்று புள்ளியில் தோற்றார்கள். பட்டம் வந்தது 1991-இல்தான். பிறகு நான்கு பட்டங்கள். 2022-இல் ஓய்வு பெறும்போது அவருடைய மொத்த வெற்றிகள் 1,202.

தோற்கிற பயிற்சியாளர் எல்லாரும் நாளைய ஸ்மித் என்று நான் சொல்லவில்லை. மாற்றப்பட வேண்டியவர்களும் உண்டு. ரசிகனின் கோபத்தையும் குறை சொல்ல மாட்டேன். பாசம் இல்லாத இடத்தில் கோபம் வராது. ஆனால் பலகையில் தெரிகிற எண்ணைப் பார்ப்பது வேறு, மைதானத்தில் நடக்கிற வேலையைப் பார்ப்பது வேறு.

இதைப் பேரனுக்குச் சொன்ன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் வாலிபால் அணி இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து தோற்றது. பி.டி. மாஸ்டரை மாற்றச் சொல்லி மனு போனது. விடியற்காலையில் சைக்கிளில் போகும்போதெல்லாம் அவர் ஆறாம் வகுப்புப் பொடியன்களுக்குப் பந்து போட்டுக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தெரிந்திருந்தும், எல்லாரும் போடுகிறார்களே என்று அந்த மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன். அவர் போய்விட்டார். அந்தப் பொடியன்கள் பத்தாம் வகுப்பில் கோப்பை வாங்கியபோது, படத்தில் அவர் இல்லை, நான் இருந்தேன்.

அந்தப் பொடியன்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். மாஸ்டர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் எனக்குத் தனியே எழுதுங்கள். நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.