மூன்று தெருக்கள்

ஒரு தெரு நடப்பதற்கு ஏற்றதா என்பதை யாரிடம் கேட்டறிவது? 2007இல் சியாட்டிலில் தொடங்கப்பெற்ற ‘வாக் ஸ்கோர்’ என்னும் இணையதளம், வீட்டிலிருந்து கடை, பள்ளி, பூங்கா முதலியன எவ்வளவு தொலைவில் உள்ளன என்று கணக்கிட்டு நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் இடுகிறது. அத்தெருவில் குடியிருப்பவரிடம் அது எதையும் கேட்பதில்லை. அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே குடியிருப்போரிடம் சென்று கேட்ட ஓர் ஆய்வை இங்கே நினைவுகூர விரும்புகிறோம்.

டொனால்ட் ஆப்பிள்யார்ட் 1928இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கெவின் லிஞ்ச், ஜான் மையர் ஆகியோருடன் அவர் எழுதி 1964இல் வெளிவந்த ‘தி வியூ ஃப்ரம் தி ரோட்’, விரையும் காரில் இருப்பவரின் கண்ணுக்கு நகரம் எவ்வாறு தோன்றுகிறது என்று பேசுவது. அதே மனிதர் சில ஆண்டுகளில் காரை விட்டிறங்கி, அது கடந்துபோகும் வீட்டு வாசல்களில் போய் நின்றார். அறிவுத்துறை வரலாற்றில் இத்தகைய இடமாற்றங்கள் அதிகமில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

சான் ஃபிரான்சிஸ்கோவில் அடுத்தடுத்து அமைந்த மூன்று தெருக்களை அவரும் மார்க் லிண்டெல்லும் தேர்ந்தனர். தோற்றத்தில் அவை ஒன்றையொன்று ஒத்தவை. வேறுபட்டது போக்குவரத்து மட்டுமே. ஒன்றில் நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகள், மற்றொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3.0 நண்பர்களும் 6.3 அறிமுகமானவர்களும் அதே தெருவில் இருந்தனர். வண்டி மிகுந்த தெருவில் அவை 0.9, 3.1 எனச் சுருங்கின. 1972இல் வெளியான கட்டுரையிலிருந்து இன்றுவரை திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுபவை இவ்வெண்களே.

எனினும் எண்களைவிட நம்மை ஈர்ப்பது வேறொன்று. ‘உங்கள் இடம் என்று எதைக் கருதுகிறீர்கள்?’ என்னும் பொருள்படக் கேட்டு, விடைகளை வரைபடத்தில் குறித்தனர். அமைதியான தெருவினர் தெரு முழுவதையும் தமதென்றனர். பரபரப்பான தெருவினருக்கோ ‘நம் இடம்’ கட்டடத்தோடு, சிலருக்குத் தம் குடியிருப்போடு, முடிந்துவிட்டது. வாசற்படியில் அமர்ந்து பேசுவதும் நடைபாதையில் குழந்தைகள் விளையாடுவதும் முதல் தெருவில் இருந்தன. நம் திண்ணைக்கு நிகரான இடம் அந்த வாசற்படி எனலாம். மூன்றாம் தெருவில் நடைபாதை வீட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையே விரைந்து கடக்கும் பாதை மட்டுமே. அமைதியான தெருவினர் தம் தெருவின் தோற்றத்தை நுணுக்கமாக விவரிக்க முடிந்தது என்பதும் கவனத்துக்குரியது. பார்க்க விரும்பாத ஒன்றை எவரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை போலும்.

இவ்வாய்வை அளவுக்கு மீறிக் கொண்டாடவும் இயலாது. ஒவ்வொரு தெருவிலும் பேட்டி காணப்பட்டோர் ஒரு டஜன் பேரளவே. குழந்தைகளோடு வாழும் குடும்பங்கள் இரைச்சலுக்கு அஞ்சி முன்னரே வெளியேறியிருக்கலாம். எனில் நட்பைக் குறைத்தது வண்டிகளா, அங்கே எஞ்சியோரின் வாழ்நிலையா என்பது எளிதில் பிரித்தறியக் கூடியதன்று. மூன்றாம் தெருவில் பெரும்பாலோர் வாடகைக்கு இருந்தவர்கள். குழந்தைகள் மிகச் சிலர். ஆனால் இந்த ஐயம் ஆய்வின் கேள்வியை மேலும் கூர்மையாக்குகிறது என்றே நாம் கருதுகிறோம். வெளியேறப் பணமோ வலுவோ இல்லாத முதியவர் அங்கேயே தங்கிவிடுகிறார். தெருவைப் பற்றிய அவரது எண்ணம், அவர் எத்தனை முறை படியிறங்குகிறார் என்பதையே முடிவு செய்துவிடுகிறது.

ஆப்பிள்யார்ட் இவற்றை விரித்து ‘லிவபிள் ஸ்ட்ரீட்ஸ்’ என்னும் நூலாக 1981இல் வெளியிட்டார். மறு ஆண்டே ஏதென்சில் வேகமாக வந்த கார் மோதி உயிரிழந்தார். அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் இச்செய்தியும் உடன் சொல்லப்படுகிறது. சொல்பவர்கள் அதை ஒரு நீதிக்கதை ஆக்கிவிடாமல் இருப்பது நலம்.

2008இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜோஷுவா ஹார்ட் என்பவர் இதே முறையில் மூன்று தெருக்களை ஆராய்ந்தார். போக்குவரத்து மிகுந்த தெருவில் வாழ்ந்தோருக்கு, அமைதியான தெருவினருக்கு இருந்த நண்பர்களில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அங்கும் வரைபடங்கள் வரையப்பட்டன. அங்கும் வண்டிகள் மிகுந்த தெருவில் அந்தக் கோடு வீட்டு வாசலை ஒட்டியே நின்றது.