முன்வாசலால் வந்த துப்பறிவாளர்

ஆங்கிலத் துப்பறியும் நாவல் என்றதும் நம்மிற் பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஷேர்லக் ஹோம்ஸ். அடுத்து அகதா கிறிஸ்ரியின் பொய்ரோ. இவ்விருவரின் புகழ் வெளிச்சத்திலே சற்று மங்கிப்போன இன்னொரு வகைத் துப்பறிவாளரும் உண்டு. அவர் பிரபு குடும்பத்துப் பிள்ளை. ஒற்றைக் கண்ணாடி அணிபவர். அச்சுக்கலையின் ஆதிநாட் புத்தகங்களைத் தேடித்தேடி ஏலத்தில் வாங்குபவர். திராட்சை மதுவை நாவில் வைத்த மாத்திரத்தே அது எந்தத் தோட்டத்தது, எந்த ஆண்டினது என்று சொல்லிவிடக் கூடியவர். கொலைகாரரைக் கண்டுபிடிப்பது அவருக்குத் தொழிலன்று, பொழுதுபோக்கு. அத்தகையோரில் முதன்மையானவரான பீற்றர் விம்சி பிரபுவையும், அவரைப் படைத்த டொறதி சேயர்ஸ் அம்மையாரையும் பற்றியே இன்று சொல்ல விரும்புகின்றேன்.

பல்கலைக்கழகத்திற் படித்த காலத்தில், பழைய புத்தகக் கடையொன்றில் பச்சை அட்டைப் பென்குவின் பதிப்பொன்றை வாங்கி இவரை முதன்முதல் வாசித்தேன். பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். அக்காலத்து எமக்கெல்லாம் இலக்கியம் என்றால் உழைப்பவனின் கதை. உண்டு களித்திருக்கும் ஒரு சீமான் பிணத்தைச் சுற்றிப் பகிடி பேசித் திரிவதில் எனக்கென்ன ஆர்வம்? இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்து வாசித்தபோதுதான் அந்தப் பகிடிக்குக் கீழே வேறொன்று இருப்பது தெரிந்தது. அதை விளங்கிக்கொள்வதற்கு நாவலை விட்டுச் சிறிது வரலாற்றுக்குப் போகவேண்டும்.

1860ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், இங்கிலாந்தின் வில்ற்ஷயர் மாவட்டத்தில், ரோட் ஹில் இல்லம் என்ற வசதியான வீட்டிலே மூன்று வயதுக் குழந்தையொன்று இரவிற் காணாமற்போய், கழுத்து அறுபட்ட நிலையில் வளவின் மலகூடத்திற் கண்டெடுக்கப்பட்டது. வெளியாள் வந்ததற்கு அடையாளமில்லை. லண்டனிலிருந்து ஸ்கொட்லாந்து யார்டின் விச்சர் என்ற இன்ஸ்பெக்டர் அனுப்பப்பட்டார். துப்பறியும் பிரிவு 1842இல் தொடங்கப்பட்டபோது அதில் முதன்முதற் சேர்ந்தவர்களில் ஒருவர். தோட்டக்காரர் ஒருவரின் மகன். காணாமற்போன இராவுடுப்பு ஒன்றை வைத்து, அவ்வீட்டின் பதினாறு வயது மகள் கொன்ஸ்ரன்ஸ் கென்ற் மீது அவர் சந்தேகம் கொண்டார். நாடே கொதித்தது. ஆனால் அந்தக் கொதிப்பு குழந்தைக்காக எழுந்ததன்று. ஒரு கனவானின் வீட்டுக்குள் புகுந்து, அவர் மகளின் உடுப்புப் பட்டியலை ஒரு பொலிஸ்காரர் ஆராய்வதா என்பதே பத்திரிகைகளின் கேள்வி. வழக்குக் கைவிடப்பட்டது. விச்சரின் பெயர் கெட்டது. 1864இல் பதவியை விட்டு விலகினார். மறு ஆண்டு கொன்ஸ்ரன்ஸ் தானே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள்!

அன்றைய ஆங்கிலச் சமுதாயத்திலே பொலிஸ்காரர் பின்வாசலால் வரவேண்டியவர். வேலைக்காரரை அவர் விசாரிக்கலாம். வீட்டுக்காரரை விசாரிப்பது மரியாதைக் குறைவு. ஆகவே கற்பனையிலாவது முன்வாசலால் வந்து, விருந்து மேசையில் அமர்ந்து, வீட்டுக்காரரின் கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்கக்கூடிய ஒருவர் வேண்டியிருந்தது. ஹோம்ஸ் ஓரளவுக்கு அப்படிப்பட்டவர். எனினும் அவரும் கட்டணம் வாங்கும் ஆலோசகரே. அந்த வாசலை முழுதாகத் திறந்துவிடக் கூடியவர், ஒரு கோமகனின் இளைய மகன்தான்.

டொறதி சேயர்ஸ் கோமான் வீட்டுப் பெண் அல்லர். 1893இல் ஒக்ஸ்போர்ட்டிலே ஒரு மதகுருவின் ஒரே மகளாகப் பிறந்தவர். புலமைப்பரிசில் பெற்று அங்குள்ள சமர்வில் கல்லூரியிற் சேர்ந்து 1915இல் முதல் வகுப்பில் தேறினார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. பெண்களுக்குப் பட்டம் வழங்கப் பல்கலைக்கழகம் மனமிரங்கியது 1920இல். 1922 முதல் 1931 வரை லண்டனில் பென்சன் என்ற விளம்பர நிறுவனத்திற் கடுகு, பியர் ஆகியவற்றுக்கு விளம்பர வாசகம் எழுதிச் சம்பளம் பெற்றார். (அந்த அலுவலக அனுபவமே பின்னர் ஒரு நல்ல நாவலாயிற்று.) விம்சியை ஏன் இவ்வளவு செல்வராகப் படைத்தீர்கள் என்ற கேள்விக்கு அவர் பின்னாளில் எழுதிய பதில் சுவையானது. கையிற் காசில்லாத காலம்; விம்சிக்குச் செலவழிக்கத் தமக்கு ஒரு சதமும் பிடிக்கவில்லை என்கிறார். தமது ஒற்றை அறை அலுத்தபோது பீற்றருக்குப் பிக்கடிலித் தெருவில் ஆடம்பர மனை எடுத்துக் கொடுத்தாராம். தமது மலிந்த கம்பளம் ஓட்டையானபோது அவருக்குப் பிரெஞ்சுக் கம்பளம் வரவழைத்தாராம். பஸ்ஸுக்குக் காசில்லாதபோது டெய்ம்லர் கார் வாங்கிக் கொடுத்தாராம். முதல் நாவலான 'ஹூஸ் பொடி?' 1923இல் வெளிவந்தது.

பிக்கடிலி என்றதும் ஒன்று சொல்லவேண்டும். கதையில் விம்சியின் முகவரி பிக்கடிலி 110ஏ. எதிரே பசுமையான கிறீன் பார்க். இவர் அங்கே குடியேறிய அதே காலத்தில் அதே தெருவிலே நிஜமான ஒரு கோமகனின் மாளிகை, டெவன்ஷயர் இல்லம், விலைப்பட்டு 1924இல் இடித்துத் தள்ளப்பட்டது. 1894இல் வந்த மரண வரி, 1919இல் இருபது இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட சொத்துக்களுக்கு நூற்றுக்கு நாற்பது வரை உயர்த்தப்பட்டது. தந்தையைப் போரிலோ நோயிலோ இழந்த குடும்பம் வரி கட்ட நிலத்தை விற்றது, அடுத்து ஓவியங்களை விற்றது, இறுதியில் வீட்டை. பிரபுத்துவம் உண்மையிற் சரிந்துகொண்டிருந்த வேளையிலேதான் நாவலிற் பிரபு பிறந்தார்.

சரிந்தது சொத்து மாத்திரமன்று. 1914க்கும் 1918க்கும் இடையில், உயர்ந்த பள்ளிகளிற் பயின்று இளநிலை அதிகாரிகளாகப் போர்முனைக்குச் சென்றவர்கள் சாதாரணச் சிப்பாய்களிலும் கூடிய விகிதத்தில் மாண்டார்கள். மீண்டு வந்தோர் பலரின் நரம்பு சிதைந்திருந்தது. விம்சி அவர்களில் ஒருவர். கதையின்படி 1918இல் குண்டு விழுந்த குழியிலே புதையுண்டு மீட்கப்பட்டவர். வீடு திரும்பியபின் வேலைக்காரருக்குக்கூட ஒரு கட்டளையிட அவரால் இயலவில்லை. நான்கு வருடங்களாக மனிதர்களைச் சாகச் சொல்லிக் கட்டளையிட்ட வாய்க்கு இனி எந்தக் கட்டளையும் வராதல்லவா என்று தாயார் பின்னொரு நாவலில் விளக்குகிறார். அந்த நிலையில் வந்து சேர்ந்தவரே பன்ரர். அவருக்குக் கீழே போரிற் பணியாற்றிய சார்ஜன்ற், இப்போது அந்தரங்கப் பணியாளர். ஒரு நாட் காலை தாயார் போனபோது பன்ரர் ஆனந்தத்தால் நெகிழ்ந்து நிற்கிறார். காரணம், முட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டு இறைச்சிச் சொசேஜ் கொண்டுவரும்படி எஜமான் சினந்து சொல்லிவிட்டாராம்! எஜமானும் பணியாளும் என்ற பழைய உறவு சேயர்ஸ் கையில் எப்படி மாறிவிட்டது என்பதற்கு இந்த முட்டைக் கதை ஒன்றே போதும். யார் யாரைத் தாங்குகிறார்?

முதல் நாவலிலேயே, கொலையாளி யார் என்று தெளிந்த அதே இரவில் விம்சிக்கு நோய் திரும்புகிறது. பீரங்கி ஓசை கேட்கிறது. பன்ரர் படுக்க வைக்கிறார். கொலையாளியின் பெயரைச் சொல்வது ஒரு மனிதனைச் சாக அனுப்புவது. அதுவும் ஒரு கட்டளை. பொழுதுபோக்கு என்று நான் மேலே சொன்னதை இந்த இடத்தில் வாசகர் திருத்திக்கொள்ளவேண்டும்.

1928இல் வெளியான 'பெலோனா கிளப்' நாவல் எனக்கு மிகவும் பிடித்தது. நவம்பர் 11, போர் ஓய்ந்த நினைவு நாள். கனவான்களின் கழகமொன்றில் நெருப்பருகே சாய்கதிரையிற் கிடக்கிறார் ஒரு கிழட்டு ஜெனரல்; இறந்திருக்கிறார். அவர் எந்த நேரத்தில் இறந்தார் என்பதைப் பொறுத்துப் பெருஞ்சொத்து ஒன்றின் உரிமை மாறும். விம்சி கவனிப்பது, அவர் சட்டையில் இல்லாத ஒன்றை. அன்றைய தினத்திலே செந்நிறப் பொப்பி மலர் குத்தாமல் எந்தப் பழைய இராணுவத்தானும் லண்டன் தெருவில் நடந்து வரமாட்டான். ஆகவே அவர் அன்று காலை வந்தவரல்லர், முதல் நாளே இறந்தவர். பொப்பி மலர் அணியும் வழக்கம் பிரித்தானியாவில் 1921இல்தான் பரவியது. ஏழே ஆண்டுகளில் ஒரு துக்கம் எவ்வளவு ஆழமான வழக்கமாகிவிட்டது என்பதை எந்த வரலாற்று நூலையும்விட இந்த ஒரு தடயம் எனக்குச் சொல்கிறது. ஜெனரலின் பேரன்களில் ஒருவன் நரம்பு தளர்ந்து, வேலையின்றி, மனைவியின் உழைப்பில் வாழ நேர்ந்த வெட்கத்தில் அவள்மீதே எரிந்து விழுகிறான். இது சீமான் கதையா?

1935இல் பென்குவின் நிறுவனம் ஆறு பென்சுக்கு ஒன்றாக முதற் பத்து நூல்களை வெளியிட்டபோது 'பெலோனா கிளப்' அவற்றில் ஒன்று. வாடகை நூலகங்களில் இத்தகைய நாவல்களை வாரந்தோறும் இரவல் பெற்றவர்களிற் பெருந்தொகையினர் பெண்கள். 1921ஆம் ஆண்டின் சனத்தொகைக் கணக்கின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களிலும் பார்க்கப் பெண்கள் பதினேழு இலட்சம் வரையில் அதிகம். மணமாகாத பெண்களை 'மிகையானவர்கள்' என்று பத்திரிகைகள் கூச்சமின்றி எழுதின. விம்சியோ அத்தகைய முதுகன்னியரைச் சேர்த்து ஒரு விசாரணைப் பணியகமே நடத்துகிறார். ஊர்வம்பு என்று உலகம் இகழ்ந்ததே அங்கு தொழிற்றிறமை.

பிரபுவின் சொந்த வாசலையும் சேயர்ஸ் விட்டுவைக்கவில்லை. 1926இல் வந்த நாவலில் விம்சியின் அண்ணனாகிய கோமகனே கொலைக் குற்றம் சாட்டப்படுகிறார். பிரபு ஒருவரைப் பிரபுக்கள் சபையே விசாரிக்கவேண்டும் என்பது அந்நாட்டின் பழைய சட்டம். அந்தச் சடங்கை ஆசிரியை அங்கியும் கோலுமாக விரிவாக வருணிக்கிறார். அரும்பொருட்காட்சி போலத் தோன்றிய அது, ஒன்பது ஆண்டுகளின் பின், 1935 டிசம்பரில் உண்மையிலேயே நடந்தது! கார் விபத்தில் ஒருவர் இறந்ததற்காக டி கிளிபர்ட் பிரபு அவ்வாறு விசாரிக்கப்பட்டு விடுதலையானார். அதுவே கடைசி, 1948இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது.

இவ்வகையில் எழுதியவர் சேயர்ஸ் மாத்திரமல்லர். மார்ஜெரி அலிங்ஹாமின் கம்பியன் 1929இல் வந்தார். குடும்பப் பெயரை மறைத்துத் திரியும் அவருக்குப் பழைய கன்னக்கோல் திருடனொருவன் பணியாள். நியூசிலாந்துப் பெண்மணி நையோ மார்ஷின் அலெய்ன் 1934இல் வந்தார். பிரபு வம்சத்தவராயினும் ஸ்கொட்லாந்து யார்டிலேயே உத்தியோகம். விச்சர் பட்ட அவமானத்துக்கு நல்ல பரிகாரம்! ஆயினும் இவ்விருவரிடமும் சேயர்ஸிடம் உள்ள கனம் எனக்குத் தென்படவில்லை.

குறை இல்லையா என்றால், உண்டு. ஆசிரியை தம் நாயகனைக் காதலித்துவிட்டார் என்பது பழைய குற்றச்சாட்டு, பொய்யன்று. குடிப்பெருமையைக் கேலி செய்வது போலவே அதை அனுபவிக்கிறார் என்று ஜோர்ஜ் ஓர்வெல் 1936இற் சுட்டினார். யூதர்களைப் பற்றி அவர் பாத்திரங்கள் பேசும் பேச்சு இன்று வாசிப்போரைக் கூசவைக்கிறது. இவற்றை மறைத்து அவரைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

ஆனால் 1937இல் வந்த கடைசி முழு நாவல், 'பஸ்மன்ஸ் ஹனிமூன்'. தேனிலவுக்குக் கிராமத்து வீட்டுக்குப் போன விம்சி தம்பதியர் நிலவறையிற் பழைய வீட்டுக்காரரின் பிணத்தைக் காண்கிறார்கள். அவர் தினமும் இரவு ஒன்பதரைச் செய்திக்காக வானொலிப் பெட்டியைத் திறப்பவர். அந்த மூடியோடு பிணைத்த கனத்த பூந்தொட்டி ஊசலாடி வந்து தலையைத் தாக்கியிருக்கிறது. (வானொலியிலே சொல்வதற்கு நல்ல கதைதான்!) கொன்றவன் தோட்டவேலையும் கார் வேலையும் செய்யும் இளைஞன். செத்தவர் அவனிடம் வாங்கிய நாற்பது பவுணைத் திருப்பித் தரவில்லை. விம்சி ஒரு மாலையிற் செலவழிக்கக்கூடிய தொகை அது. இங்கே நாவல் முடிந்திருந்தால் நான் இளமையிற் கொண்ட வெறுப்பு நியாயமாகிவிடும்.

சேயர்ஸ் முடிக்கவில்லை. விம்சி தம் செலவில் நாட்டின் சிறந்த வழக்கறிஞரை அவனுக்காக அமர்த்துகிறார், தீர்ப்பு மாறவில்லை. சிறைக்குச் சென்று மன்னிப்பை நாடுகிறார். அவன் கொடுக்க மறுக்கிறான். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் ஆராயாது அளித்த பிழையான தீர்ப்புக்காக உயிர்விட்டான். இவரோ ஆராய்ந்து கண்ட சரியான முடிவுக்காக நடுங்குகிறார். வகுப்பில் வழக்குரை காதை படிப்பிக்கும்போதெல்லாம் இந்த வித்தியாசம் எனக்கு நினைவுக்கு வருகிறது. பிரித்தானியாவில் கடைசித் தூக்கு 1964இல். கொலைக்கான மரண தண்டனை அங்கு 1965இல் இடைநிறுத்தப்பட்டு, 1969இல் நிரந்தரமாக ஒழிக்கப்பட்டது. சேயர்ஸ் எழுதிய நாளில் அந்தக் கயிறு கதையின் அலங்காரமன்று. துப்பறியும் நாவல்களிற் பெரும்பாலானவை கைதோடு நின்றதும் அதனாலேயே.

கடைசி இரவில் விம்சிக்குத் தூக்கமில்லை. குளிர்கிறது என்கிறார். காலை எட்டு மணியை எதிர்பார்த்து மனைவி ஹரியற்றின் அருகே இருக்கிறார். மணி அடிக்கிறது. அவள் மடியில் முகம் புதைத்து அழுகிறார் அந்தக் கோமகனின் மகன். அதற்குப் பின் சேயர்ஸ் விம்சியை வைத்து ஒரு நாவலையேனும் எழுதி முடிக்கவில்லை.