லான்சோ நூடுல்ஸும் ஒரு சிறுவனின் கேள்வியும்



கன்னிவாடியிலிருந்து மத்ரஸா மாணவர்களைக் கோடைக்கானலுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். ஏரிக்கரையில் சீன நூடுல்ஸ் கடையொன்றின் பலகையைக் கண்ட சிறுவன், "ஹஜரத், இங்கே சாப்பிடலாமா?" என்று கேட்டான். "அது சீனாக்காரன் சாப்பாடு, நமக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு நடந்தேன். இறைச்சி ஹலால்தானா என்று விசாரித்த பின் மறுத்திருந்தால் அது பேணுதல். நானோ 'சீனம்' என்னும் ஒரு சொல்லைக் கண்டே தீர்ப்பளித்துவிட்டேன்.

சில மாதங்களுக்குப் பின், கோலாலம்பூரில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் புகைப்படம் அனுப்பினார். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் புக்கிட் பிந்தாங் பகுதியில் எளிய உணவகம் ஒன்று. வெள்ளைத் தொப்பியணிந்த சீனர் ஒருவர் கோதுமை மாவைக் கைகளால் நூல் நூலாக இழுத்துக்கொண்டிருந்தார். மலாய் மொழியில் அதன் பெயர் 'மீ தாரிக்'. தேநீரை ஆற்றி இழுக்கும் 'தே தாரிக்'கில் உள்ள அதே தாரிக்தான். "ஹஜரத், இவர்கள் நம்மவர்கள்" என்று எழுதியிருந்தார். என் பதில் என்னை உறுத்தியது. அதன் பிறகே தேடிப் படித்தேன்.

கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில், 651ஆம் ஆண்டு, அரபுத் தூதுக்குழு தாங் அரசவைக்கு வந்ததைச் சீன வரலாற்று ஏடுகள் பதிவு செய்துள்ளன. அதற்குத் தலைமை தாங்கியவர் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) என்பது சீன முஸ்லிம்களின் வழிவழிச் செய்தி. அதற்கான ஆதாரம் வலுவானதன்று. பின்னர் வந்த அரபு, பாரசீக, மத்திய ஆசிய வணிகரும் வீரரும் அங்கேயே மணமுடித்துத் தங்கினர். அவர்களின் வழித்தோன்றல்களே இன்றைய ஹுய் முஸ்லிம்கள். அவர்களிடையே 'மா' என்னும் குடும்பப்பெயர் மிகுதி. முஹம்மத் என்னும் திருப்பெயரின் சீன ஒலிவடிவத்திலிருந்து அது வந்ததாகக் கூறுவர்.

கடற்படைத் தளபதி செங் ஹோவும் 'மா' குடும்பத்தில் பிறந்தவரே. அவருடைய கடற்பயணங்கள் தொட்ட இடங்களுள் நம் காயலும் ஒன்று. 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பெற்று அவர் இலங்கையின் காலியில் நிறுவிய கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்தது. 1911இல் கண்டெடுக்கப்பட்ட அக்கல் இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு சீன முஸ்லிம் கொண்டுவந்த கல்லில் தமிழ் இருக்கிறது. நாமோ சீனத்தில் முஸ்லிம்கள் உண்டா என்று வியக்கிறோம்!

மஞ்சள் நதிக்கரையிலுள்ள லான்சோ, கான்சு மாகாணத்தின் தலைநகர். அங்கே 1915ஆம் ஆண்டு, மா பாவோசி என்னும் ஏழை ஹுய் முஸ்லிம், தோள்கம்பில் பாத்திரங்களைத் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக மாட்டிறைச்சி நூடுல்ஸ் விற்றதாகச் சொல்வர். அதற்கு முன்பே இவ்வுணவு இருந்தது என்போரும் உளர். எப்படியாயினும் அதற்குப் புகழ் சேர்த்தவர் அவரே. தெளிந்த சாறு, வெள்ளை முள்ளங்கி, சிவந்த மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லி, இளமஞ்சள் நூடுல்ஸ் ஆகிய ஐந்தும் கிண்ணத்தில் இருந்தால்தான் லான்சோ மக்கள் ஒப்புக்கொள்வார்கள்.

அந்த மாவின் இரகசியம் நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதன்று. அப்பளத்திற்கு நாம் அப்பளக்காரம் சேர்ப்பதுபோல, அவர்கள் பாலைநிலச் செடியொன்றை எரித்த சாம்பலின் காரத்தைச் சேர்த்துப் பிசைந்தார்கள். இன்று பெரும்பாலும் அதற்கான தூள் கடையில் கிடைக்கிறது. காரம் சேர்ந்த மாவு அறுபடாமல் நீளும். மஞ்சள் சாயலும் பெறும். உருட்டிய மாவை இழுத்து மடிக்க ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். ஏழாவது மடிப்பில் 128 இழைகள். அதனை மெலிதாகவோ பட்டையாகவோ வேண்டியபடி கேட்டு வாங்கலாம்.

சீன நகரங்களெங்கும் 'லான்சோ' என்ற பெயரில் உள்ள கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவோர் லான்சோக்காரர் அல்லர். அண்டை மாகாணமான சிங்ஹாயின் ஹுவாலோங் பகுதி முஸ்லிம்கள். வறண்ட மலைநாட்டிலிருந்து 1980களின் இறுதியில் பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர்கள். வளைகுடாவுக்குச் சென்ற நம் குடும்பங்களுக்கு இக்கதை விளங்கும். அக்கடைகளின் பலகையில் 'சிங்ஜென்' என்றிருக்கும். 'தூயதும் உண்மையானதும்' என்பது பொருள். ஹலாலைக் குறிக்கச் சீன முஸ்லிம்கள் கையாளும் சொல். அருகில் அரபியில் 'ஹலால்' என்றும் எழுதியிருப்பார்கள். 2019இல் பெய்ஜிங் நகரின் ஹலால் உணவகங்கள் பலவற்றில் அந்த அரபு எழுத்துகளை அகற்றுமாறு அதிகாரிகள் உத்தரவிட்டதாகச் செய்தி வந்தது. சிலர் பலகையின் அப்பகுதியை ஒட்டுத்தாளால் மறைத்தார்கள். முன்னோர் மொழியில் ஒரு சொல்லை எழுதி வைப்பதே அவர்களுக்கு இவ்வளவு பாடாயிருக்க, நான் அவர்கள் இருப்பதையே அறியாமல் ஒரு குழந்தைக்குப் பதில் சொல்லியிருந்தேன்.

அந்தச் சிறுவனை அழைத்து, என் பதில் தவறு என்றேன். மாவை இழுக்கும் படத்தையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தவன், "அப்போ கோடைக்கானல் கடையிலே கறி எங்கே வாங்குறாங்க ஹஜரத்?" என்று கேட்டான்.

அதை நான் இன்னும் விசாரிக்கவில்லை.