'போன சீசன் மாதிரி இல்லையே!' - ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் முடிவும் நம்ம கோபமும்

ஜனவரி 1, காலை 6.30 மணி. கோபாலபுரத்தில் ஒரு தெரு. கீழே வாசலில் மார்கழிக் கோலத்துக்குக் கலர் போட்டுக்கிட்டிருக்காங்க. மாடியில, போர்வையைப் போர்த்திக்கிட்டு டி.வி முன்னாடி நாங்க நாலு பேர். அஞ்சாவது தோழி டொரன்டோவிலிருந்து வீடியோ காலில். அவளுக்கு அங்கே இன்னும் டிசம்பர் 31, ராத்திரி 8 மணி.

காபியோட வந்த தோழியின் பாட்டி கேட்டாங்க, "என்னடி, இன்னியோட சீசன் முடியுதா?"

"ஆமா பாட்டி!"

அவங்க கேட்டது பக்கத்துல இருக்கிற மியூசிக் அகாடமி சீசனை. நாங்க சொன்னது 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' சீசனை. ரெண்டுமே அன்னிக்குத்தான் முடிஞ்சது.

எபிசோடு 2 மணி நேரம் 8 நிமிஷம். ஒன்பது மணிக்கெல்லாம் ஹாலில் சண்டை ஆரம்பம். ஒருத்தி அழுதுக்கிட்டிருந்தா. இன்னொருத்தி "இதுக்கா ஒன்பது வருஷம் காத்திருந்தோம்?"னு ரிமோட்டைத் தூக்கிப் போட்டா. டொரன்டோ தோழி ஒரு வார்த்தை பேசாம காலை கட் பண்ணிட்டா. ரெண்டு நாள் வாட்ஸ்அப் குரூப்பில் சத்தமே இல்லை.

உங்க குரூப்பிலும் இதுதானே நடந்தது? ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடரின் புது சீசன் வந்தா நமக்கு ஏன் இவ்வளவு கோபம், இவ்வளவு அழுகை? கொஞ்சம் நிதானமா பார்ப்போம். (முடிவு பற்றி சின்னதா ரெண்டு ஸ்பாய்லர் இருக்கு. இன்னும் பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க!)

முதல்ல ஒரு கணக்கு

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் முதல் சீசன் வந்தது 2016 ஜூலையில். நெட்ஃப்ளிக்ஸ் இந்தியாவுக்கு வந்ததே அந்த வருஷம் ஜனவரியில்தான். ஜியோ வந்தது செப்டம்பரில். அதாவது, நம்மில் பல பேர் செல்போனில் தொடர் பார்க்கப் பழகினதும் இந்தத் தொடர் வளர்ந்ததும் ஒரே காலம்.

அதுக்கப்புறம் 2017, 2019, 2022-னு சீசன்கள் வந்தன. கடைசி சீசனை மூணு தவணையா விட்டாங்க. இந்திய நேரப்படி 2025 நவம்பர் 27-ல் நாலு எபிசோடு, டிசம்பர் 26-ல் மூணு, 2026 ஜனவரி 1-ல் கடைசி ஒண்ணு. எல்லாமே காலை 6.30 மணிக்கு. மொத்தம் அஞ்சு சீசன், 42 எபிசோடு.

முதல் தவணைக்கு முதல் அஞ்சு நாளில் 5.96 கோடி 'வியூஸ்' கிடைச்சதா நெட்ஃப்ளிக்ஸ் சொன்னது. இதை 5.96 கோடி பேர்னு படிக்காதீங்க. எல்லாரும் பார்த்த மொத்த நேரத்தை, தொடரின் நீளத்தால் வகுத்தா வர்றதுதான் நெட்ஃப்ளிக்ஸ் கணக்கில் 'வியூ'. ஒரே டி.வி முன்னாடி நாலு பேர் உட்கார்ந்திருந்தாலும், ஒருத்தரே ரெண்டு தடவை பார்த்தாலும் அந்தக் கணக்குக்கு ஆள் எண்ணிக்கை தெரியாது.

இடைவெளிதான் வில்லன்

நாலாவது சீசன் முடிஞ்சது 2022 ஜூலையில். அடுத்தது தொடங்க மூணு வருஷத்துக்கும் மேல ஆச்சு. 2023-ல் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்ததால், ஷூட்டிங் 2024 ஜனவரியில்தான் தொடங்கியது.

அந்த மூணு வருஷம் நாம சும்மா இருந்தோமா? தியரி வீடியோ பார்த்தோம். யார் சாவாங்கன்னு பந்தயம் கட்டினோம். மனசுக்குள்ள ஆளுக்கொரு அஞ்சாவது சீசனை எழுதி முடிச்சிட்டோம். அதனால நிஜ சீசன் வந்தப்போ போட்டி நாலாவது சீசனோட இல்லை. நம்ம தலைக்குள்ள ஓடின சீசனோட. அந்தப் போட்டியில எந்த டைரக்டரும் ஜெயிக்க முடியாது.

இன்னொண்ணும் உண்டு. முதல் சீசன் கதை நடக்கிறது 1983-ல். கடைசி சீசன் 1987-ல். கதையில நாலு வருஷம், நிஜத்தில் ஒன்பது. லெவனா வந்த மில்லி பாபி பிரவுனுக்கு முதல் சீசன் வந்தப்போ 12 வயசு, கடைசி சீசனில் 21. "பசங்க ரொம்பப் பெருசா தெரியறாங்க"ன்னு கமென்ட் போட்டோமே, கண்ணாடியைப் பார்த்தோமா? 2016-ல் நான் காலேஜ் முதல் வருஷம். இப்போ இ.எம்.ஐ கட்டுறேன்.

ஸ்டார் குறைஞ்சா தொடர் மோசமா?

கடைசி சீசனுக்கு விமர்சகர்கள் கொடுத்த மார்க்கைவிட, பார்வையாளர்கள் கொடுத்த மார்க் நல்லாவே கீழே இருந்தது. குறிப்பா ஏழாவது எபிசோடுக்கு ஐ.எம்.டி.பி-யில் அந்தத் தொடரிலேயே மிகக் குறைந்த ரேட்டிங். அதில்தான் வில், தான் ஒரு தன்பாலீர்ப்பாளன்னு தன் அம்மாவிடமும் நண்பர்களிடமும் மனசைத் திறந்து சொல்றான்.

அந்த ஒரு நம்பருக்குள்ள ரெண்டு கூட்டம் கலந்திருக்கு. "பெரிய சண்டைக்கு முன்னாடி இவ்வளவு நீளமா பேசணுமா, வசனம் சரியில்லை"ன்னு சொன்னவங்க ஒரு கூட்டம். அது விமர்சனம். அந்த மாதிரி ஒரு பையன் கதையில இருக்கிறதே பிடிக்காம, மொத்தமா வந்து ஒரு ஸ்டார் குத்திட்டுப் போனவங்க இன்னொரு கூட்டம். அதுக்குப் பேர் ரிவ்யூ பாம்பிங். நம்பரை மட்டும் பார்த்தா ரெண்டையும் பிரிக்க முடியாது. எழுதியிருக்கிறதைப் படிச்சாதான் தெரியும்.

வராத ஒன்பதாவது எபிசோடு

இந்த சீசன் எதிர்வினைகளில் வரலாறு ஆகப்போறது 'கன்ஃபார்மிட்டி கேட்'. நாம பார்த்த முடிவு நிஜமே இல்லை, வில்லன் வெக்னா காட்டின மாயை, உண்மையான கடைசி எபிசோடு ஜனவரி 7-ல் ரகசியமா வரும்னு ரசிகர்கள் நம்பினாங்க. பட்டமளிப்புக் காட்சியில் எல்லாரும் கையை ஒரே மாதிரி வெச்சிருந்ததுகூட 'ஆதாரம்' ஆச்சு. அந்த நாளும் வந்தது. எபிசோடு வரலை. எல்லா எபிசோடுகளும் வந்தாச்சுன்னு நெட்ஃப்ளிக்ஸே தன் சோஷியல் மீடியா பக்கங்களில் போட வேண்டியதாச்சு.

சிரிக்கலாம். ஆனா யோசிச்சுப் பாருங்க, லெவனுக்குக் கடைசியில என்ன ஆச்சுங்கிறதைக் கதை உறுதியா சொல்லலை. நம்புறது நம்ம கையில்னு விட்டுட்டாங்க. பிடிச்ச ஒருத்தர் போயிட்டாங்கன்னு ஏத்துக்க முடியாதப்போ, மனசு கதவுக்குப் பின்னாடி இன்னொரு கதவைத் தேடும். அந்தத் தியரிக்குப் பின்னாடி முட்டாள்தனத்தைவிட ஏக்கம்தான் அதிகம்.

அப்பவே இப்படித்தான்!

1968-ல் 'ஸ்டார் ட்ரெக்' தொடரை நிறுத்தப் போறாங்கன்னு பேச்சு வந்ததும், அமெரிக்க ரசிகர்கள் என்.பி.சி சேனலுக்குக் கடிதமா எழுதித் தள்ளினாங்க. மூணாவது சீசன் வந்தது. ஆனா வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு ஒளிபரப்பினாங்க. பல ரசிகர்களுக்கே அந்த சீசன் திருப்தியில்லை. 1969-ல் தொடர் நின்னுபோச்சு. கேட்டு வாங்கின சீசனே ஏமாத்தும்!

நம்ம ஊரிலும் உண்டு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடரா வந்தது, பிறகு தூர்தர்ஷனிலும் தொடரானது. அதில் வந்த ரோபோ நாய்க்குட்டி ஜீனோவை வாசகர்கள் தூக்கி வெச்சுக் கொண்டாடினாங்க. அடுத்த பாகத்தின் பேரே 'மீண்டும் ஜீனோ'. அப்போ வாராவாரம் காத்திருந்தவங்களுக்கு ஏழு நாள் இடைவெளி. வீட்டில் புத்தகத்தை யார் முதல்ல படிக்கிறதுன்னு சண்டை. நமக்கு ஏழு நாளுக்குப் பதிலா மூணு வருஷம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த சீசனுக்கு முன்னாடி

எந்தத் தொடரா இருந்தாலும், புது சீசன் வந்தா இதை முயற்சி பண்ணிப் பாருங்க:

* பார்த்து முடிச்ச கையோட ஸ்டார் கொடுக்காதீங்க. ஒரு ராத்திரி தூங்கி எழுந்து கொடுங்க.

* தியரி வீடியோக்களை சீசன் வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே நிறுத்துங்க. பழைய சீசனின் கடைசி எபிசோடை மட்டும் திரும்பப் பாருங்க. மறந்ததை ஞாபகப்படுத்த அது போதும்.

* குரூப்பில் ஸ்பாய்லருக்கு ஒரு கெடு வையுங்க. வேலைக்குப் போறவங்களுக்கு ஒரு வீக் எண்டாவது வேணும்.

* 'பிடிக்கலை'ன்னு சொல்றவங்ககிட்ட 'உனக்குப் புரியலை'ன்னு சொல்லாதீங்க. 'எந்த இடத்துல பிடிக்கலை?'னு கேளுங்க. பேச்சு வேற மாதிரி போகும்.

கடைசி யோசனையை நான் கொஞ்சம் லேட்டாத்தான் கத்துக்கிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு டொரன்டோ தோழியைக் கூப்பிட்டு, "எந்த இடம்டி பிடிக்கலை?"னு கேட்டேன். "எல்லாமே பிடிச்சுது. 2019-ல மூணாவது சீசனை அதே ஹாலில், அதே பாயில படுத்துக்கிட்டுப் பார்த்தோம். இப்போ நான் மட்டும் ஸ்க்ரீனுக்குள்ள. இனிமே எதைச் சாக்கு வெச்சு நாம அஞ்சு பேரும் ஒண்ணா உட்காரப் போறோம்?"னா.

பதில் சொல்லத் தெரியலை. பாட்டிகிட்ட இதைச் சொன்னேன். "நாங்களும் நாப்பது வருஷமா அகாடமி கேன்டீன்ல உட்கார்ந்து, இந்த சீசன் போன வருஷம் மாதிரி இல்லைன்னுதான் சொல்லிண்டிருக்கோம்"னு சிரிச்சாங்க. "ஆனா அடுத்த டிசம்பர்ல எல்லாரும் வந்துடுவோம்."

நாங்களும் ஒரு தேதி குறிச்சிருக்கோம். அவ ஊருக்கு வர்ற அன்னிக்கு, அதே ஹாலில், முதல் சீசன் முதல் எபிசோடு. உங்க குரூப்பில் யாரைக் கூப்பிடணும்னு உங்களுக்கே தெரியும். போனை எடுங்க!